உதறல் எங்கிருந்து வருகிறது? ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிர்வை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பது கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய். வண்டி 70, 80-ஐத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் உதறல் எடுக்கிறது என்று பட்டறையில் போய் நின்றால் முதலில் வீல் பேலன்சிங் செய்வார்கள். அதில் நிற்காவிட்டால் டயர் மாற்றச் சொல்வார்கள். அப்புறம் கிராஸ் (ஷாஃப்ட் முனைகளில் வளைந்து கொடுக்கும் சிலுவை வடிவ மூட்டு), அப்புறம் சென்டர் பேரிங் (நீள ஷாஃப்ட்டை நடுவில் தாங்குவது). ஒவ்வொன்றுக்கும் ஒரு பில் வரும், உதறல் மட்டும் போகாது. இத்தனை செலவுக்கு அவசியமே இல்லை. எந்த வேகத்தில் வருகிறது, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா விடும்போதா, லோடு இருக்கும்போதா காலியாகவா, ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரிகிறதா இடுப்புக்குத் தெரிகிறதா என்ற நாலு கேள்விக்கும் பதில் தெரிந்தால் கோளாறு எந்தப் பாகத்தில் என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும். ஸ்பேனரை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

இங்கே சொல்வது பின் சக்கரம் இழுக்கும் வண்டிகளுக்கு: பொலேரோ, ஸ்கார்பியோ, பழைய இன்னோவா, கிரிஸ்டா, ஆம்னி, ஈகோ, டாடா ஏஸ், தோஸ்த், டெம்போ டிராவலர் மாதிரியானவை. ஸ்விஃப்ட், ஐ10 போன்ற முன் சக்கரம் இழுக்கும் கார்களில் இந்த நீள ஷாஃப்ட் கிடையாது. அவற்றின் ஆக்சில் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ரோட்டில் ஒரு சோதனை

சென்னை நகருக்குள் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. வேகமும் கிடைக்காது, மெட்ரோ வேலைக்காக வெட்டிப் போட்ட ரோட்டில் எந்த ஆட்டம் ரோட்டுடையது, எது வண்டியுடையது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை அல்லது தாம்பரம் – புழல் பைபாஸ், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. கிளம்பும் முன் நாலு டயரிலும் காற்று சரி பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற டயர் கொஞ்ச தூரத்துக்கு ஆட்டம் காட்டும், அதனால் பத்து கிலோமீட்டராவது ஓடிச் சூடான பிறகு கவனியுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டால் நல்லது. ஓட்டுபவர் ரோட்டை மட்டும் பார்க்கட்டும்.

உதறல் வரும் வேகத்தில் நாலாவது கியரில் ஓட்டிப் பாருங்கள். அதே வேகத்தில் ஐந்தாவதிலும் பாருங்கள். இரண்டிலும் அதே உதறல் என்றால் இன்ஜினையும் கிளட்ச்சையும் விட்டுவிடலாம். கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால்: ஷாஃப்ட், ஹவுசிங் (பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி), சக்கரம், இந்த மூன்றில் ஒன்று. வேகம் எதுவானாலும் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் வந்தால் இன்ஜின் மவுண்டிங் பக்கம் போங்கள், ஷாஃப்ட்டைத் தொட வேண்டாம்.

அடுத்து, முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில் காலை எடுத்து நியூட்ரலில் உருள விடுங்கள். சாவியை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் போய்விடும். நியூட்ரலிலும் உதறல் அப்படியே தொடர்ந்தால் சுற்றும் ஏதோ ஒன்றின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. சட்டென்று நின்றால், இழுவை விழும்போது மட்டும் வரும் கோளாறு: கிராஸ் கோணம், மவுண்டிங், பினியன் (ஹவுசிங்குக்குள் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரம்).

சக்கரமா ஷாஃப்ட்டா என்று பிரிக்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 215/75 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது, ஆக சக்கரம் நொடிக்கு 10 சுற்று. ஹவுசிங் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று என்ற கணக்கு) 4 என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் நொடிக்கு 40 சுற்று சுற்றும். அதனால் சக்கரத்தின் உதறல் கைக்கும் கண்ணுக்கும் தெரியும் மெதுவான ஆட்டம்; ஷாஃப்ட்டுடையது கால் வைக்கும் தரையில் பொடிப்பொடியாக ஓடும் அதிர்வு. கிராஸ் கோணம் தப்பாக இருந்தால் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை அதிரும், அதாவது நொடிக்கு 80. அது காதுக்குள் ரீங்காரமாகவே வரும். போனில் அதிர்வு அளக்கும் ஆப் போட்டு, போனைச் சீட் ரயில் மேல் அசையாமல் அழுத்திப் பிடித்தால் 10 ஹெர்ட்ஸா (நொடிக்கு 10 அதிர்வா) 40-ஆ என்பது திரையிலேயே தெரிந்துவிடும். 80-ஐச் சில போன்கள் சரியாகப் பிடிக்காது, அதற்குக் காதை நம்புங்கள். உங்கள் வண்டியின் டயர் அளவையும் ரேஷியோவையும் போட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஸ்டீயரிங் மட்டும் ஆடினால் முன் சக்கர பேலன்சிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க். இரண்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் சம்பந்தமில்லை.

வேகம் கூடக் கூட ஏறும் உதறல், மிதித்தாலும் விட்டாலும் போகவில்லை

இது ஷாஃப்ட்டின் பேலன்ஸ் போனதன் அடையாளம். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் போட்டே ஆக வேண்டும்.

முதலில் ஷாஃப்ட் குழாயை ஈரத்துணியால் முழுக்கத் துடையுங்கள். ரோட்டுத் தார், காய்ந்த சேறு, பழைய கிரீஸ் கட்டி ஒரு பக்கமாக ஒட்டியிருந்தாலே போதும், 80 கி.மீ. வேகத்தில் உதறும். லோடு வண்டிகளில் பிளாஸ்டிக் கயிறும் சாக்கும் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டிருப்பது சாதாரணம். இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: சமீபத்தில் அடியில் அண்டர்கோட்டிங் அடித்தீர்களா? அடிப்பவர் ஷாஃப்ட்டை மூடாமல் அடித்தால், கைக்கு எட்டிய பக்கம் கெட்டியாகவும் எட்டாத பக்கம் மெல்லிசாகவும் ஒட்டிவிடும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துச் சுரண்டினால் சரியாகிவிடும்.

துடைத்த பிறகு குழாய் நெடுக விரலால் தடவுங்கள். ஸ்பீடு பிரேக்கரில் அடி வாங்கிய பள்ளம் கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது. இரண்டு முனைப் பக்கமும் சின்னச் சின்ன இரும்புத் துண்டு வெல்டு செய்திருக்கும். அவைதான் பேலன்ஸ் எடை. செவ்வக வடிவில் பெயின்ட் இல்லாமல் பளபளப்பாக ஒரு தழும்பும் ஸ்பாட் வெல்டின் புள்ளியும் மட்டும் தெரிந்தால், அங்கே இருந்த எடை விழுந்துவிட்டது. பள்ளமோ விழுந்த எடையோ இருந்தால் மேற்கொண்டு தேட வேண்டாம். ஷாஃப்ட்டைக் கழற்றி பேலன்சிங் மெஷினில் கொடுங்கள். எல்லா லேத்திலும் அந்த மெஷின் இருக்காது. மாதவரம், மணலி பக்கம் லாரி வேலை பார்ப்பவர்களிடம் விசாரித்து, உங்கள் ஷாஃப்ட்டின் நீளத்தைச் சொல்லி, ஏற்றுவார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

எதுவுமே கண்ணில் படவில்லை என்றால், காசு செலவில்லாத ஒரு சோதனை. ஹவுசிங் பக்கத்து ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) நாலு போல்ட் உள்ளதாக இருந்தால், இப்போதைய நிலையைப் பெயின்டால் குறித்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி ஷாஃப்ட்டை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி மாட்டி ஓட்டிப் பாருங்கள். உதறல் குறைந்தால் அப்படியே விட்டுவிடலாம். கூடினாலோ குறைந்தாலோ கோளாறு ஷாஃப்ட்டும் பினியன் ஃபிளாஞ்சும் சேரும் இடத்தில் இருக்கிறது. மாற்றமே இல்லை என்றால் சக்கரம், டிரம் பக்கம் மறுபடி பாருங்கள்.

அடுத்தது ஹோஸ் கிளிப் வித்தை. ஷாஃப்ட்டின் பின் முனையருகே குழாயைச் சுற்றி நாலு கோடு போட்டு 1, 2, 3, 4 என்று எண் கொடுங்கள். ஸ்குரூ வைத்து இறுக்கும் ஹோஸ் கிளிப்பை, ஸ்குரூ 1-க்கு நேராக வரும்படி இறுக்கி அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு 2, 3, 4. எந்த எண்ணில் உதறல் குறைகிறதோ அங்கேதான் எடை தேவை. போதவில்லை என்றால் அதே இடத்தில் இரண்டாவது கிளிப். இரண்டு கிளிப் அதிகமாகிவிட்டால் இரண்டு ஸ்குரூவையும் அந்தக் கோட்டிலிருந்து ஆளுக்கொரு பக்கம் சம தூரம் விலக்குங்கள். விலக்க விலக்க எடையின் தாக்கம் குறையும். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் கோளாறு பேலன்ஸில்தான் என்று கையில் ஆதாரம் கிடைத்துவிடும். கிளிப்போடு ஊரெல்லாம் ஓட்ட வேண்டாம், மெஷினில் கொடுத்து நிரந்தரமாகச் சரி செய்யுங்கள்.

கிளட்ச் வேலை முடித்து வந்ததிலிருந்து உதறல்

கிளட்ச் பிளேட்டோ கியர்பாக்ஸோ இறக்கும்போது ஷாஃப்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மாட்டும்போது ஸ்லிப் ஜாயின்ட்டை (ஷாஃப்ட் நீளம் கூடிக் குறைய விடும் பல் வைத்த இணைப்பு) ஒரு பல் தள்ளி நுழைத்துவிட்டால் இரண்டு பக்கத்து யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே நேர்க்கோட்டில் வராது. முன் கிராஸ் சுற்றில் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் சமன் செய்வதுதான் இந்த அமைப்பின் அடிப்படையே. நேர்க்கோடு தவறினால் அது சமன் ஆவதற்குப் பதிலாகக் கூடும். குழாயில் அம்புக்குறி இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு அம்பும் நேருக்கு நேர் வர வேண்டும். இரண்டு துண்டு ஷாஃப்ட்டில் சில கம்பெனிகள் வேண்டுமென்றே கோணம் மாற்றி வைப்பதும் உண்டு, அங்கே குறியை மட்டும் நம்புங்கள். அதனால்தான் கழற்றும் முன்பே ஃபிளாஞ்ச், யோக், ஸ்லிப் ஜாயின்ட் மூன்றிலும் சென்டர் பஞ்சால் புள்ளி வைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பெயின்ட் குறி கழுவும்போது போய்விடும். பஞ்ச் புள்ளி போகாது. பட்டறையில் விடும்போதே மெக்கானிக்கிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது நடுக்கம்

கத்திப்பாரா மேம்பாலத்து ஏற்றத்தில் லோடோடு கிளம்பும்போது தரை படபடவென்று அடித்து 30 கி.மீ.க்கு மேல் அடங்கிவிடுகிறதா? கிளட்ச்சா ஷாஃப்ட்டா என்று பிரிக்கப் பெடலைக் கவனித்தால் போதும். கிளட்ச் பிடிக்கும் அந்த இடத்தில் மட்டும் நடுங்கி, பெடலை முழுக்க விட்டதும் நின்றால் கிளட்ச். முழுக்க விட்ட பிறகும் 20, 30 வரை தொடர்ந்தால் சென்டர் பேரிங் அல்லது கோணம்.

இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள நீள வேன்களில் சென்டர் பேரிங்கைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் தள்ளுங்கள். ரப்பர் கொஞ்சம் கொடுக்கலாம், ஆனால் பிளந்து வாய் திறக்கக் கூடாது, உலோகத்தோடு உலோகம் இடிக்கவும் கூடாது. மாற்றும்போது பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே வாஷரோ தகடோ இருந்தால் எத்தனை, எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உபரி என்று நினைத்துப் பலர் தூக்கி எறிகிறார்கள். கோணத்தை நிர்ணயிப்பதே அந்தத் தகடுதான்.

ரப்பர் நன்றாக இருந்தால் கியர்பாக்ஸ் மவுண்டிங்கைப் பாருங்கள். அது இறங்கினால் கியர்பாக்ஸின் வால் தாழும், முன் கிராஸின் கோணம் மாறும்.

லோடு இருந்தால் ஒரு மாதிரி, காலியாக ஒரு மாதிரி

சென்னையில் இந்தப் புகார் அதிகம் வருவது தண்ணீர் கேன் வேன்களிலிருந்து. 20 லிட்டர் கேன் 60 ஏற்றினால் தண்ணீர் மட்டுமே 1,200 கிலோ. பின்பக்கம் உட்காராமல் இருக்க லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்துவிடுவார்கள். பெருங்குடி பக்கம் ஒரு பட்டறையில் நடந்த பேச்சு:

"அண்ணே, லோடு ஏத்துனா நல்லா ஓடுது. காலி பண்ணிட்டுத் திரும்பும்போது உதறித் தள்ளுது."

"பின்னாடி பட்டை சேத்தியா தம்பி?"

"ரெண்டு சேத்தேன்ணே, போன மாசம்."

"உதறல் எப்போலேந்து?"

"…போன மாசத்துலேந்துதாண்ணே."

காலி வண்டியில் பின்பக்கம் தூக்கி நின்றது. ஷாஃப்ட் சாய்வு கூடி, பினியனும் கொஞ்சம் திரும்பிவிட்டது. அளந்து பார்த்தால் சந்தேகமே இருக்காது. சமதரையில், வழக்கமான லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை, கியர்பாக்ஸ் ஃபிளாஞ்ச், ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளாஞ்ச் மூன்றின் சாய்வையும் எடுங்கள். போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியே போதும். கியர்பாக்ஸ் 3 டிகிரி, ஷாஃப்ட் 6 டிகிரி, பினியன் 3 டிகிரி, எல்லாம் பின்னோக்கித் தாழ்ந்திருந்தால் முன் கிராஸ் 3, பின் கிராஸ் 3, சமம். பினியன் 1-க்கு வந்துவிட்டால் பின் கிராஸ் 5 ஆகும். முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வேகமாக ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு கிராஸும் 3 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. சுத்தமாகப் பூஜ்யமும் ஆகாது. கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் அடித்து அடித்துக் குழி விழுந்துவிடும்.

சரி செய்வதற்கு ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துப் பினியனைத் திருப்பலாம். ஆனால் காலி வண்டிக்குச் சரி செய்தால் லோடில் கெடும். என்னைக் கேட்டால், சேர்த்த பட்டையை எடுத்துவிட்டு, கம்பெனி சொன்ன எடையை மட்டும் ஏற்றுவதுதான் சரி. பிரேக்கும் டயரும் அந்த எடைக்குத்தான் கணக்குப் போட்டு வைத்தவை.

கியர் போட்டதும் 'டக்', மெதுவாகப் போகும்போது 'கிச் கிச்'

இந்த அறிகுறிக்கு மட்டும் நாள் தள்ளவே தள்ளாதீர்கள். முன் கிராஸ் உடைந்து ஷாஃப்ட் முனை ரோட்டில் விழுந்தால், ஓடுகிற வண்டி அதன் மேல் குத்திக்கொண்டு தூக்கிவிடும். பின் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் சுழன்று தரை, டீசல் பைப், பிரேக் பைப் எல்லாவற்றையும் அடிக்கும்.

வண்டியை அசையாமல் நிறுத்தி, கட்டை வைத்து, நியூட்ரலில் ஷாஃப்ட்டை ஒரு கையாலும் யோக்கை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கிராஸுக்குள் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தே கொஞ்சம் திரும்புவது ஹவுசிங் பல்லின் இடைவெளி, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்புறம் கப்பின் (கிராஸின் ஒவ்வொரு கையையும் மூடும் ஊசி பேரிங் மூடி) ஓரத்தைப் பாருங்கள். செங்கல் பொடி நிறத்தில் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசி துருப்பிடித்துவிட்டது. கிச் கிச் சத்தம் அதிலிருந்துதான்.

நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம் மழைநீர். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனையோ வண்டிகள் அச்சு மூழ்க நின்றன. பெரிய வெள்ளம் வரை போக வேண்டாம், வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டுகிறோமே, அதுவே போதும். தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு, நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) உள்ள கிராஸ் என்றால் நாலு கப்பிலிருந்தும் புது கிரீஸ் பிதுங்கும் வரை அடித்துவிடுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கப் அடைத்திருக்கிறது. ஹவுசிங் ஆயிலையும் திறந்து பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது, ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

கிராஸ் மாற்றும்போது பெரிய சுத்தியால் யோக்கை அடிக்க விடாதீர்கள். யோக்கின் காது (கப் உட்காரும் இடம்) வளைந்தால் புது கிராஸும் உதறும். வைஸில் வைத்து அழுத்தி எடுப்பதே முறை. கழற்றிய பழைய கிராஸின் கையில் நகத்தால் கீறிப் பாருங்கள், வரிவரியாகப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றியது நியாயம்தான். புதுக் கப்பை நுழைக்கும்போது ஒரு ஊசி சரிந்து அடியில் படுத்துக்கொண்டால் கப் முழுக்க இறங்காது, சர்க்ளிப் (கப்பைப் பூட்டும் வளையம்) அதன் பள்ளத்தில் உட்காராது. அடித்து உட்கார வைக்காமல் கப்பை வெளியே எடுத்து ஊசியை கிரீஸில் ஒட்டி நிறுத்தி மறுபடி போடச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் நாலு பக்கமும் விரலால் தள்ளினால் கிராஸ் பிடிப்பில்லாமல் அசைய வேண்டும்.

கிராஸ் நன்றாக இருந்தும் 'டக்' போகவில்லை என்றால் ஸ்லிப் ஜாயின்ட் பல் தேய்மானத்தையும், கியர்பாக்ஸ் வால் புஷ்ஷையும் (ஷாஃப்ட் நுழையும் இடத்தில் உள்ள வளையம்) பாருங்கள். அங்கே ஆயில் கசிந்தால் சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை, புஷ் தேய்ந்திருந்தால் புது சீலும் சீக்கிரமே கசியும்.

உதறலோடு ஊளைச் சத்தம்

மிதித்தால் ஒரு ஸ்வரம், விட்டால் இன்னொரு ஸ்வரம் என்று ஹவுசிங் ஊளையிட்டால் கிரவுன் பினியன் (ஹவுசிங்கின் பல்சக்கர ஜோடி) அல்லது பினியன் பேரிங். பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆடினால் உறுதி. அந்த நட்டைத் தோராயமாக இறுக்கிவிட்டு அனுப்பும் வழக்கம் பேரிங்கைக் கொன்றுவிடும். ஹவுசிங் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

முன் சக்கரம் இழுக்கும் கார்களில்

இங்கே இரண்டு குட்டி ஆக்சில், ஒவ்வொன்றிலும் உள் ஜாயின்ட், வெளி ஜாயின்ட். யூ டர்னில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக் கிளம்பும்போது 'டக் டக் டக்' என்றால் வெளி ஜாயின்ட். நேராகப் போகும்போது மிதித்தால் உதறி, காலை எடுத்ததும் நின்றால் உள் ஜாயின்ட். சக்கரத்தின் உட்புறம் கருப்பு கிரீஸ் தெறித்திருந்தால் பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்துவிட்டது. சத்தம் இன்னும் வரவில்லை என்றால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் ஜாயின்ட் தப்பிவிடும். சத்தம் வந்த பிறகு கிரீஸ் அடைப்பது வீண்.

சாமான் வாங்கும்போது

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிராஸ் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், கப்பின் விட்டத்தையும் கிராஸின் மொத்த நீளத்தையும் வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு வருஷம் அளவு மாறியிருக்கலாம். புதுப்பேட்டையில் பழைய ஷாஃப்ட் எடுத்தால் குழாயைத் தரையில் உருட்டிப் பார்த்து, பள்ளம் தடவிப் பார்த்து, பேலன்ஸ் எடை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அப்படிப் பார்த்து எடுத்ததையும் மெஷினில் ஒருமுறை ஏற்றாமல் மாட்ட வேண்டாம். ஃபிளாஞ்ச் போல்ட்டுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடைச் சாதா போல்ட் போடக் கூடாது, தலையில் 8.8 அல்லது 10.9 என்று, பழையதில் என்ன எண் இருக்கிறதோ அதே எண். நைலான் நட்டு ஒருமுறை கழற்றினால் புதிது போட வேண்டும். மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டார்க் ரெஞ்ச் வைத்து எல்லா ஃபிளாஞ்ச் போல்ட்டையும் இன்னொரு முறை சரி பார்த்துவிடுங்கள்.